வாடிக்கையாளர் சந்திப்புக்கு வெளிநாடு போகும்போது, கூடவே ஊர் சுற்றிப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாய்மொழிச் சம்மதம் கணக்குப் பிரிவில் செல்லாது.

அடுத்தது விசா. அமெரிக்காவுக்கு வணிகத்துக்கு பி-1, சுற்றுலாவுக்கு பி-2 என்றிருந்தாலும், பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே தருகிறார்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள்தான் தங்கலாம். சுற்றிப் பார்க்கும் நாட்களும் அதில் அடக்கம். விண்ணப்பத்தில் இரண்டு நோக்கங்களையும் மறைக்காமல் எழுதுங்கள்.

சந்திப்புகளை முதலில் முடித்துவிட்டு ஊர் சுற்றுவதே என் கட்சி. வாடிக்கையாளர் ஒரு நாள் தள்ளிப்போட்டால், அருங்காட்சியகத்தை விடலாம். அவரை விட முடியாது. ஆனால் கிழக்கு நோக்கி நெடுந்தூரம் பறந்தால் உடல் பழக அதிக நாளாகும் என்பதால், முதல் நாளைக் காலியாக வையுங்கள். அன்று மாலை காலாற நடப்பதும் ஊர் பார்ப்பதுதானே!

தகராறு வருவது பணத்தில்தான். டிக்கெட் எடுக்கும் அன்றே, வேலை முடிந்தவுடன் திரும்பினால் என்ன கட்டணம் என்பதைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். அதற்கு மேல் வரும் தொகை உங்களுடையது. ஓட்டலிலும் கடைசி அலுவல் இரவோடு ஒரு ரசீது, மறுநாளிலிருந்து உங்கள் அட்டையில் இன்னொன்று. நிறுவனக் காப்பீடு சொந்த நாட்களுக்குச் செல்லுமா என்று கேளுங்கள். பல இடங்களில் செல்லாது, தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.