தயிர் சாதம் சாப்பிடும் பூனை: ஒரு கால்நடை மருத்துவரின் கேள்வி பதில்

மதுரையில் 20 வருடமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். ஆரம்பத்தில் மாடும் ஆடும்தான் வரும். இப்போது வருவதில் பாதிக்கு மேல் பூனை. பூனையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. பூனைக்குப் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். கால் மாத்திரைகூட வேண்டாம்.

திருச்சி: என் பூனை இரண்டு நாளாகச் சுருண்டு படுத்திருக்கிறது. சாப்பிடவில்லை, உடம்பு சுடுகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் காய்ச்சல் சிரப்பில் கொஞ்சம் கொடுக்கலாமா டாக்டர்?

கூடாது. அந்த சிரப்பும் பாரசிட்டமால்தான். நம் கல்லீரல் இந்த மருந்தை ஒரு சர்க்கரை அமிலத்தோடு சேர்த்துக் கட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும். பூனையின் கல்லீரலில் அந்த வேலையைச் செய்யும் நொதி கிட்டத்தட்ட இல்லை. அதனால் மருந்து உள்ளேயே நஞ்சாக மாறி ரத்தத்தைக் கெடுக்கிறது. ரத்தம் ஓடும், ஆனால் ஆக்சிஜனைச் சுமக்காது. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் ராத்திரி பாசத்தில் அரை மாத்திரை கொடுத்துவிட்டுக் காலையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். காப்பாற்ற முடியவில்லை. மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

இன்னொன்று, பூனையின் இயல்பான உடல் சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். உங்கள் பூனையைப் பொறுத்தவரை எனக்குச் சூட்டைவிடப் பெரிய கவலை அது சாப்பிடாததுதான். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் குண்டான பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், நாளைக்கு வேண்டாம்.

கோவை: பூனைக்குப் பால் கொடுத்தால் வயிற்றால் போகிறது. என்ன மருந்து?

பாலை நிறுத்துவதுதான் மருந்து. தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. பூனை என்றால் பால் என்று நாம் பழகிவிட்டோம், அதன் குடலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தண்ணீர் வையுங்கள், வாய் அகன்ற கிண்ணத்தில், சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி.

மயிலாப்பூர்: நாங்கள் சுத்த சைவம். வீட்டில் முட்டைகூட நுழையாது. ஆறு வருடமாக எங்கள் பூனைக்குத் தயிர் சாதமும் பருப்பு சாதமும்தான். நன்றாகத்தான் இருக்கிறது. கறி போடாவிட்டால் பூனை செத்துவிடும் என்று பக்கத்து வீட்டுப் பையன் பயமுறுத்துகிறான். அவன் சொல்வது சரியா?

அம்மா, பையன் கொஞ்சம் பயமுறுத்திச் சொல்லியிருக்கலாம், ஆனால் விஷயம் சரிதான். விரிவாகவே சொல்கிறேன், நம் ஊரில் நிறைய வீடுகளில் இதுதான் நடக்கிறது.

நாய் நம்மோடு வாழ்ந்து சோற்றைச் செரிக்கக் கற்றுக்கொண்ட பிராணி. பூனை அப்படி இல்லை. மாமிசத்திலிருந்து மட்டுமே கிடைக்கும் சில பொருட்களைத் தானே தயாரித்துக்கொள்ளும் திறன் அதன் உடம்புக்குப் போதாது. அதில் முக்கியமானது டாரின் என்ற அமினோ அமிலம். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை தேயும், இதயத் தசையும் தளர்ந்து பலூன் மாதிரி விரியும். இரண்டுமே மெதுவாக, சத்தமில்லாமல் நடக்கும். பூனையும் வெளியே காட்டிக்கொள்ளாது.

இது எப்படித் தெரிய வந்தது என்பது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். 1975இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பூனைகளுக்குப் புரதமாகக் கேசினை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். விழித்திரை கெட்டது. கேசின் என்பது வேறொன்றுமில்லை, பாலில் இருக்கும் புரதம். தயிரிலும் அதுதான். 1987இல் கலிபோர்னியாவில், இதயம் விரிந்துபோன பூனைகளுக்கு டாரின் கொடுத்ததும் இதயம் திரும்பச் சீரானது. அதற்குப் பிறகுதான் கடைகளில் விற்கும் பூனை உணவில் டாரின் அளவைக் கூட்டினார்கள்.

டாரின் ஒன்றோடு முடியவில்லை. கேரட்டில் இருப்பதை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றும், பூனை உடம்பு மாற்றாது. அதற்கு வைட்டமின் ஏ ஈரல் போன்றவற்றிலிருந்து நேரடியாகக் கிடைக்க வேண்டும். இனிப்பு அறியும் ருசிகூடப் பூனையின் நாக்குக்குக் கிடையாது.

அப்படியானால் ஆறு வருடம் எப்படித் தாங்கியது? ஒரு கேள்வி கேட்கிறேன்: உங்கள் பூனை வெளியே போய் வருகிறதா?

மயிலாப்பூர் (மறுபடியும்): மொட்டை மாடிக்குப் போகும். பல்லி, அணில் பிடிக்கும், எலியும் பிடித்துக்கொண்டு வரும். போன வருடம் எதிர்வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்ததிலிருந்து உள்ளேயே வைத்திருக்கிறோம்.

இதைத்தான் நினைத்தேன். ஐந்து வருடம் அது உங்கள் தயிர் சாதத்தோடு தன் சாப்பாட்டையும் சாப்பிட்டிருக்கிறது. ஒரு முழு எலியில் பூனைக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. கதவை மூடியதும் அந்த வரவு நின்றுபோனது. இந்த ஒரு வருடம்தான் ஆபத்தானது.

பெங்களூரு: வெளிநாட்டில் செயற்கை டாரின் சேர்த்த சைவப் பூனை உணவு விற்கிறார்களே? அதைக் கொடுத்தால் இருவர் கொள்கையும் காப்பாற்றப்படுமே?

நியாயமான கேள்வி. சாதாரணப் பூனை உணவில் சேர்க்கும் டாரினும் பெரும்பாலும் செயற்கைதான், அதில் தப்பில்லை. என் தயக்கம் வேறு. தானியமும் பருப்பும் அதிகமான உணவில் பூனையின் சிறுநீர் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அப்போது படிகம் சேரும். கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல், அடைத்துக்கொள்ளும். அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனை செய்து, டாக்டர் கண்காணிப்பில் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஈரோடு: சைவக்காரர்கள் பூனை வளர்க்கவே கூடாது. முயலோ புறாவோ வளர்க்கட்டும். இது பூனைக்குச் செய்யும் கொடுமை.

இப்படிப் பேசினால் அந்த அம்மா இனி யாரிடமும் கேட்க மாட்டார். பூனைதான் பாதிக்கப்படும். அவர் ஆறு வருடம் தன் தட்டிலிருந்து பகிர்ந்திருக்கிறார். தெரியாமல் செய்ததைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார். சமையல்கட்டில் கறி நுழையாமலே பூனைக்குச் சரியான உணவு கொடுக்க முடியும். மூடிய பாக்கெட், தனிக் கிண்ணம், பால்கனியில் ஒரு மூலை, போதும். என்னிடம் வரும் எத்தனையோ சைவ வீடுகளில் அப்படித்தான் கொடுக்கிறார்கள்.

நாகர்கோவில்: நாங்கள் தினமும் மத்தி மீன் மட்டும் பச்சையாகப் போடுகிறோம். அப்படியானால் எங்கள் பூனைக்குக் கவலையில்லைதானே?

கவலை உண்டு. மத்தி, நெத்திலி போன்றவற்றைப் பச்சையாகத் தினமும் கொடுத்தால் அவற்றில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழிக்கும். பூனை தலை கவிழ்ந்து தள்ளாடும். கொழுப்பு மீன் மட்டுமே கொடுத்தால் வைட்டமின் ஈ குறையும். வேகவைத்துக் கொடுங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். மற்ற நாள் கோழி, ஈரல் கொஞ்சம், கோழி இதயம் (அதில் டாரின் அதிகம்). டாரின் வேகவைத்த தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

சேலம்: என் கடுவன் பூனைக்கு மலச்சிக்கல். காலையிலிருந்து மண் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

இதைப் படிக்கும் நிமிடமே பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். முக்குவது மலத்துக்கு இல்லை, சிறுநீர் வராமல் இருக்கலாம். கடுவன் பூனை முக்கினால் முதலில் சிறுநீர் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். எண்ணெயும் கொடுக்காதீர்கள், வலிக்கு மாத்திரையும் கொடுக்காதீர்கள். எந்த மாத்திரை என்று உங்களுக்குத் தெரியும்.

தஞ்சாவூர்: மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். பூனை முடி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆகாது என்கிறார்கள். பூனையை எங்காவது விட்டுவிடச் சொல்கிறார்கள்.

முடியால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அது பூனையின் மலத்தில் வரும். அதுவும் முதல் முறை தொற்றியபோது ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான். வெளியே வந்த பிறகும் தொற்றும் தன்மை அடைய ஒரு நாளாவது ஆகும். ஆகவே மண் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் பெரும்பகுதி ஆபத்து போய்விட்டது. பூனைக்குப் பச்சைக் கறி கொடுக்காதீர்கள். மருமகள் அரைவேக்காட்டுக் கறி சாப்பிட வேண்டாம், தோட்டத்து மண்ணில் கைவைத்தால் சோப்புப் போட்டுக் கழுவட்டும். உண்மையில் மனிதர்களுக்குப் பூனையைத் தொட்டு வருவதைவிடக் கறியிலிருந்தும் மண்ணிலிருந்தும்தான் இது அதிகம் வருகிறது. பூனையை எங்கும் விட வேண்டாம். பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தூத்துக்குடி: பெட்டைப் பூனை ஒரு முறையாவது குட்டி போட்ட பிறகுதான் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

வேண்டாம். நான்கு ஐந்து மாதத்திலேயே அது சினையாக முடியும். சினைக்காலம் இரண்டு மாதம்தான், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகும். ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பூனைக்கு வரும் மார்புக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்.

விருதுநகர்: முதல் ஈற்றுக்குப் பிறகு ஆபரேஷன் செய்தால் நல்லதாமே?

மேலே இருக்கிறது.

கரூர்: ஆபரேஷனுக்கு முன் ஒரு ஈற்று...

இதே கேள்வி 14 முறை வந்திருக்கிறது. ஒரு ஈற்றும் தேவையில்லை. தயவுசெய்து மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

திண்டுக்கல்: பச்சைக்கிளியையும் பூனையையும் ஒரே வீட்டில் எப்படிப் பழக்குவது?

பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

வேலூர்: மூன்று நிறத்தில் ஆண் பூனை இருந்தால் லட்சக்கணக்கில் விலை போகுமாமே? எங்கள் குட்டிக்கு மூன்று நிறம்.

விலையைப் பற்றிக் கேட்காதீர்கள், நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்த விஷயம். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வொரு செல்லிலும் அதில் ஒன்று உறங்கிவிடும். எந்த இடத்தில் எது விழித்திருக்கிறதோ அதற்கேற்பச் சிவப்புத் திட்டும் கறுப்புத் திட்டும் வரும். கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் ஏதாவது ஒரு நிறம்தான். மூன்று நிறத்தில் கடுவன் பிறந்தால் பெரும்பாலும் அதற்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும், இனப்பெருக்கமும் செய்யாது. அந்த மரபணு எது என்பதை 2025இல்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்து வெளியிட்டன. உங்கள் குட்டி கிட்டத்தட்ட நிச்சயமாகப் பெட்டைதான். தடுப்பூசி போட்டாகிவிட்டதா?

ராமநாதபுரம்: தெருப்பூனை லேசாகக் கீறிவிட்டது. மஞ்சள் வைத்திருக்கிறேன்.

மஞ்சளைக் கழுவுங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம். பூனைக்கும் வெறிநோய் வரும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். 0, 3, 7, 28 என்று நாள் குறித்துத் தருவார்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள்.

சென்னை, தாம்பரம்: நாய்க்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து மீதி இருக்கிறது. பூனைக்கு விடலாமா?

விடக் கூடாது. நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு வலிப்பு வந்து இறந்துவிடும். பாரசிட்டமால் கதையேதான், அதே கல்லீரல். பினாயில் போட்டுத் துடைத்த தரை காயும்வரை பூனையை விடாதீர்கள், பாதத்தை நக்கும். அந்துருண்டையும் வேண்டாம்.

மயிலாப்பூர் (மூன்றாவது முறை): எல்லாம் படித்தேன் டாக்டர். மனசு கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டு மாதமாக அலமாரி மேலே தாவும்போது தவறி விழுகிறது. சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன் நாற்காலியில் இடித்துக்கொள்கிறது. வயசாகிறது என்று நினைத்தோம். பால்கனியில் வைத்து பாக்கெட் உணவு கொடுக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். இப்போது என்ன செய்ய வேண்டும்?

அம்மா, ஆறு வயது பூனைக்கு வயசாகவில்லை. நாளைக் காலையே வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உங்களுக்கு அது தூரமில்லை. தயிர் சாதம் மட்டுமே கொடுத்தோம், ஒரு வருடமாக வெளியே விடவில்லை என்று கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள். விழித்திரையையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், ரத்த அழுத்தத்தையும். வேறு காரணமும் இருக்கலாம். டாரின் குறைவுதான் என்றால், விழித்திரையில் போனது திரும்பாது, ஆனால் இனிமேல் போகாமல் நிறுத்தலாம். இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் தேறும்.

உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாள் தயிர் சாதத்தின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் புது உணவு. அப்புறம் பாதிக்குப் பாதி. ஒரு வாரம், பத்து நாளில் முழுவதும். பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போட வேண்டாம். திருச்சிக்காரருக்கு எழுதிய கல்லீரல் விஷயத்தைப் பாருங்கள். பாக்கெட்டில் 'முழுமையான உணவு' என்று போட்டிருக்கிறதா, டாரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈர உணவாக இருந்தால் இன்னும் நல்லது, தண்ணீரும் உள்ளே போகும். கிண்ணத்தையும் மண் தட்டையும் இடம் மாற்றாதீர்கள், மங்கிய கண்ணுக்குப் பழகிய இடம்தான் வழி காட்டும். பால்கனிக்கு வலை போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் வலை போடும்வரை கிண்ணம் வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கட்டும்.