தக்கைப்பூண்டா, மணிலா அகத்தியா?

கேள்வி: சம்பா நடவுக்கு முன் இரண்டு ஏக்கரில் பசுந்தாள் உரம் (வளர்த்து வயலிலேயே மடக்கி உழும் செடி) போட நினைக்கிறேன். ஆவணி முதல் வாரம்தான் விதைக்கத் தோதுப்படும். வயலில் ஒரு மூலை களர் (சோடிய உப்பு ஏறிய மண்). ‘தக்கைப்பூண்டு பழைய சரக்கு, மணிலா அகத்தியில் இரட்டிப்புச் சத்து’ என்கிறார் விதைக்கடைக்காரர். விலையும் கூடுதல். எதை வாங்கலாம்?

பதில்: தக்கைப்பூண்டையே வாங்குங்கள். ஏக்கருக்கு 20 கிலோ.

கடைக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. இரண்டும் பங்காளிச் செடிகள்தான். தக்கைப்பூண்டுக்கு வேரில் மட்டும் முடிச்சு. மணிலா அகத்திக்குத் தண்டிலும் பரு பருவாக வரிசைகட்டி நிற்கும். தண்ணீர் தேங்கி வேர் திணறினாலும் அந்தத் தண்டு முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். பெயரில் மணிலா இருந்தாலும் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா.

ஆனால் அதற்குப் பகல் நீளமாக இருக்க வேண்டும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. சித்திரை, வைகாசியில் விதைத்தால் ஆள் உயரம் தாண்டும். ஆவணியில் விதைத்தால் பகல் குறையக் குறைய, முழங்கால் தாண்டிக் கொஞ்சம் வளர்ந்ததுமே பூ எடுத்துவிடும். பூத்தால் தழை நின்றுபோகும், தண்டு விறைக்கும், மடக்கி உழுதாலும் சீக்கிரம் மட்காது. கோடையில் உங்களுக்குத் தண்ணீர் இருந்து வைகாசியிலேயே விதைக்க முடிந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அப்போதும் களர் மூலைக்கு, களரைத் தாங்கும் தக்கைப்பூண்டுதான். மானிய விதையை நம்பி நாள் கடத்தாதீர்கள். நடவு முடிந்தபின் மூட்டை வந்து இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன்; கேட்டால், ‘கோப்பு மேலே போயிருக்கிறது’ என்பார்கள்.

இன்னொரு பொறி, விதையோடு கட்டிவிடும் ‘நுண்ணுயிர்ப் பொட்டலம்’. தண்டு முடிச்சை உண்டாக்கும் பாக்டீரியா வேறு இனம். பயறுக்கான ரைசோபியம் என்ற பாக்டீரியாவை, மேலே ஒட்டிய தாளை மட்டும் மாற்றி விற்றால் தண்டில் ஒரு பருவும் வராது.

விதையைப் பார்த்து ரகம் பிரிக்க முயல வேண்டாம். மூட்டையில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்: சான்று விதைக்கு நீலம், உண்மைநிலை விதைக்கு (விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்பது) பச்சை. முளைப்புத்திறன், குவியல் எண், காலாவதி தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நூறு விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். பாதிகூட முளைக்காவிட்டால் பில்லோடு திரும்பப் போங்கள். பில் தராத கடையில் வாங்கவே வேண்டாம்.

நாற்பத்தைந்தாம் நாள், பூவுக்கு முன், வயலில் தண்ணீர் கட்டி மடக்கி உழுதுவிடுங்கள்.