'ரத்த நிலா' வந்தால் கிறிஸ்தவர்கள் பயப்பட வேண்டுமா?

கேள்வி: சந்திரகிரகணம் வந்து நிலா சிவக்கும்போதெல்லாம் 'ரத்த நிலா, இது கடைசிக் காலத்தின் அடையாளம்' என்று வீடியோக்கள் சுற்றுகின்றனவே, கிறிஸ்தவர்கள் நிஜமாகவே அப்படி நம்புகிறீர்களா? காரணம் தெரிந்த பிறகும் அதில் வியக்க என்ன இருக்கிறது?

சிலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. ஆனால் கிரகணம் என்றால் எங்கள் தெருவில் முதலில் மொட்டைமாடி ஏறுகிற ஆள் நான்தான்.

வீடியோக்காரர்கள் கையில் எடுப்பது பைபிளில் யோவேல் தீர்க்கதரிசியின் புத்தகம், 2:31. 'கர்த்தருடைய பெரிதும் பயங்கரமுமான நாள் வருமுன்னே சூரியன் இருளாகவும், சந்திரன் இரத்தமாகவும் மாறும்.' பெந்தெகொஸ்தே என்ற பண்டிகை நாளில் எருசலேமில் இயேசுவின் சீடரான பேதுரு இதே வசனத்தைச் சொல்லித்தான் பிரசங்கம் பண்ணினார். யோவேல் சொன்னது இதோ நடக்கிறது என்று அன்றைக்கு அவர் காட்டியது பரிசுத்த ஆவி இறங்கியதை, கிரகணத்தை அல்ல. அடுத்த வசனத்திலேயே கர்த்தரைத் தொழுதுகொள்கிற எவனும் இரட்சிக்கப்படுவான் என்று வருகிறது. அதை வாசிப்பதற்குள் வீடியோ முடிந்துவிடும். பயம் ஓடுகிற அளவுக்கு நற்செய்தி யூடியூபில் ஓடுவதில்லை போலிருக்கிறது.

2014, 2015-இல் இது உச்சத்துக்குப் போனது. அந்த இரண்டு வருஷத்தில் நான்கு முழுச் சந்திரகிரகணங்கள். நான்கும் யூதர்களுடைய பஸ்காவையும் கூடாரப் பண்டிகையையும் ஒட்டியே வந்தன. அமெரிக்கப் பிரசங்கிகள் கிளப்பிவிட, இங்கே சென்னையில் கன்வென்ஷன் மேடை வரைக்கும் வந்துவிட்டது. கேட்கும்போது யாருக்கும் கொஞ்சம் சிலிர்க்கும். ஆனால் அந்த இரண்டு பண்டிகைகளும் யூத நாட்காட்டியில் மாதத்தின் 15-ஆம் தேதி, அதாவது பௌர்ணமியை ஒட்டித் தொடங்குபவை. சந்திரகிரகணமும் பௌர்ணமியில்தான் வரும். இரண்டும் சேர்ந்து வருவதில் அப்படி என்ன அதிசயம்? நம் ஊரிலிருந்து அந்த நான்கில் ஒன்றைக்கூட முழுசாகப் பார்க்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டு மாமி கிரகணத்தன்று ஊறுகாய் ஜாடியில் தர்ப்பை போடுவார், இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துவிடுவார். எங்கள் ஆட்களில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மாடியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உபவாச ஜெபத்தில் உட்காருவார்கள். மாமியாவது கிரகணம் விட்டதும் குளித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார், இவர்களுக்கு அடுத்த வீடியோ வரும்வரை நடுக்கம். எரேமியா 10:2-இல் கர்த்தர் சொல்வது இதுதான்: வானத்தின் அடையாளங்களாலே புறஜாதிகள் கலங்குகிறார்களே என்று சொல்லி, 'நீங்கள் அவைகளாலே கலங்காதிருங்கள்.' இந்த வசனத்தை வைத்து ஒரு ஃபார்வர்டும் எனக்கு வந்ததில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் அறிவியலை வைத்து விளக்கிவிடலாமா என்றால், அந்தப் பக்கத்து அவசரமும் எனக்குப் பிடிக்காது. பெரிய வெள்ளியன்று பகல் 12 மணிமுதல் 3 மணிவரை எங்கள் கோயிலில் மும்மணி ஆராதனை நடக்கும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு தியானம், மேலே ஃபேன் சுற்றியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற சித்திரை வெயில். இயேசு சிலுவையில் தொங்கியபோது ஆறாம் மணி நேரமுதல் ஒன்பதாம் மணி நேரம்வரை, அதாவது நம் கணக்கில் பகல் 12 முதல் 3 வரை, இருள் உண்டானது என்று அப்போது வாசிப்பார்கள். அது சூரியகிரகணம்தான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. இருக்க முடியாது. பஸ்கா பௌர்ணமிக் காலம், சூரியகிரகணமோ அமாவாசையில் மட்டுமே வரும். போதாக்குறைக்கு, முழுச் சூரியகிரகணத்தின் இருட்டு ஓர் இடத்தில் எட்டு நிமிஷத்தைக்கூடத் தொடாது, இங்கே மூன்று மணி நேரம். நான் அதை விசுவாசத்தோடு அப்படியே வைத்துக்கொள்கிறேன். அதைக் காப்பாற்ற ஒரு கிரகணத்தைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

சரி, வியப்பு. 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மாதா பிறந்தநாள் என்பதால் பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயில் பக்கம் கால் வைக்க இடமில்லை. நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபை, எங்களுக்கு மாதா திருவிழா வழக்கமில்லை. ஆனால் பீச் எல்லாருக்கும் பொதுதானே. பத்து மணி வாக்கில் நிலாவின் ஓரம் கருக்க ஆரம்பித்தது. 11:01-க்கு முழுசாக நிழலுக்குள் போனது. மேகம் விலகும்போதெல்லாம் மங்கலான செம்மண் நிறத்தில் தெரிந்தது. காவிச் சேலையில் நடந்துவந்து மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம மாதாவுக்கு நிலாவும் காவி கட்டிக்கிச்சு பாருடி" என்றார். அன்றைக்குக் கேட்ட எல்லாப் பிரசங்கத்தையும்விட அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சிவப்பு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். பூமியைச் சுற்றியுள்ள காற்று சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, மிஞ்சிய சிவப்புதான் சுமார் 3,84,000 கிலோமீட்டர் தாண்டி நிலாவில் விழுகிறது. அந்த நிமிஷத்தில் பூமியில் எங்கெல்லாம் விடிகிறதோ, எங்கெல்லாம் பொழுது சாய்கிறதோ, அத்தனை வெளிச்சமும் ஒரே இடத்தில். இது தெரிந்ததால் எனக்கு ஆச்சரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

என்னை அதைவிட அசைப்பது, அது சொன்ன நேரத்துக்கு வந்ததுதான். பல வருஷம் முன்பே நிமிஷக் கணக்கோடு எழுதிவைக்க முடிகிறது. அப்படிப்பட்ட ஒன்றை அவசர எச்சரிக்கை என்று எப்படிச் சொல்வது? நோவாவின் ஜலப்பிரளயம் வடிந்த பிறகு, பூமியுள்ள நாளளவும் பகலும் இரவும் ஒழிவதில்லை என்று தேவன் சொன்னதாக ஆதியாகமத்தில் இருக்கிறது. கிரகணத்தைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்த வாக்குத்தான். முடிவு எப்போது என்பதை 'என் பிதா ஒருவர் தவிர' யாரும் அறியார் என்று இயேசுவே சொல்லிவிட்டார். அப்புறம் நாம் எதற்குப் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டும்?

கடைசியாக ஒரு தகவல். 2028 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை இரவு, முழுச் சந்திரகிரகணம். சென்னையில் நன்றாகத் தெரியும், உச்சம் இரவு 10:22 வாக்கில். வருஷக் கடைசி ராத்திரி, ஞாயிறு, ரத்த நிலா, மூன்றும் சேர்ந்தால் என்னென்ன தலைப்பில் வீடியோ வரும் என்று இப்போதே ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் சபையில் புதுவருஷ ஆராதனை 11 மணிக்குத்தான். ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து கோயில் வாசலில் நின்றால் பார்த்துவிட்டே உள்ளே போகலாம். டெலஸ்கோப்பெல்லாம் வேண்டாம், வெறும் கண்ணே போதும்.