காதுக்குள் ஓயாத சில்வண்டு

கேள்வி: அக்கா, எனக்கு வயது 51. மோல்மீன் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் 24 வருடமாக எஞ்சின் ரூம் வேலை. இரண்டு வருடமாக இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவதுபோல ஒரே சத்தம். மில்லில் இருக்கும்போது தெரிவதில்லை, ராத்திரி படுத்தால் தலை முழுக்க அதுதான். மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் தூக்கம் வருகிறது. சின்ன வயதில் மலேரியாவுக்குக் கொயினா நிறையச் சாப்பிட்டிருக்கிறேன், அந்தச் சூடுதான் என்கிறார்கள். நரம்புத் தளர்ச்சி என்று கடையில் மாத்திரை கொடுத்தார்கள், பலனில்லை. எண்ணெய் காய்ச்சி ஊற்றலாம் என்கிறாள் மனைவி. மூளையில் கட்டியா, பைத்தியம் பிடிக்கப்போகிறதா என்று பயம். சில ராத்திரி உயிரே வேண்டாம் போலிருக்கிறது. வீட்டில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், அது வேறு எரிச்சல். மகனும் இப்போது இதே மில்லில் சேர்ந்திருக்கிறான்.
(பெயர் வேண்டாம், மோல்மீன்)

பதில்: தம்பி, உயிரே வேண்டாம் போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். இன்றைக்கே. தூக்கமில்லாத ஆளுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாமே இருட்டாகத்தான் தெரியும், அதைத் தனியாக வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. அந்த நினைப்பு அடிக்கடி வந்தால் காது டாக்டருக்குக் காத்திருக்காமல் பக்கத்தில் இருக்கிற எந்த டாக்டரிடமாவது போய் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது, நீங்கள் கேட்கிற சத்தம் உண்மை. பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கவில்லை என்பதால் அது பொய்யாகிவிடாது. பைத்தியத்தின் அடையாளமும் இல்லை. ஆள் பேசுவதுபோல, பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோலக் கேட்டால் அது வேறு விஷயம், உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வெளியே ஒன்றுமே இல்லாமல் காதுக்குள் இரைவதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பேர் டின்னிடஸ், நாம் காது இரைச்சல் என்போம், பர்மாக்காரர்களிடம் ‘நா ஊ’ என்றால் புரிந்துகொள்வார்கள். ஒருவருக்குச் சில்வண்டு, ஒருவருக்குக் குக்கர் விசில், இன்னொருவருக்குக் கடல் இரைச்சல். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-ல் வந்த கணக்குப்படி, வயது வந்தவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு. தூக்கத்தையும் நிம்மதியையும் கெடுக்கிற அளவுக்குப் போவது அவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான். நீங்கள் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி எது தெரியுமா? ‘எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.’ தம்பி, அவர்கள் எப்போதும்போலத்தான் பேசுகிறார்கள். உங்கள் காது கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது என்று நினைக்கிறேன். காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் நர்ஸாக இருந்த வருடங்களில் இதே வார்த்தையை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். இரைச்சலென்று வருவார்கள், காது கேட்கவில்லை என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

காதின் உள்ளே நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள். பிறக்கும்போது கிடைத்ததோடு சரி, செத்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது. எஞ்சின் சத்தம் வருடக்கணக்கில் அடிக்க அடிக்க முதலில் போவது கீச்சுச் சத்தங்களை வாங்குகிற செல்கள், அதிலும் குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருப்பவை. அதனால்தான் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்று பிடிபடாது. ச, த, ப மாதிரி எழுத்துகளெல்லாம் மழுங்கிப்போகும், மனைவி காசு கேட்டால் காது என்று கேட்கும், குழந்தைகள் பேச்சு இன்னும் மோசம். அந்தச் செல்களிலிருந்து வரவேண்டிய சத்தம் குறைந்ததும் மூளை என்ன செய்கிறதென்றால், அந்தக் காலத்துச் சிற்றலை ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுக்காவிட்டால் வால்யூமை ஏற்றுவோமே, அதுபோல ஏற்றுகிறது. ஸ்டேஷன் வருவதில்லை, இரைச்சல்தான் வருகிறது. இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விளக்குகிறார்கள். நீங்கள் கேட்கும் சில்வண்டு அனேகமாக அந்த இரைச்சல்தான்.

கொயினாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொயினா காதை இரைய வைக்கும் என்பது நிஜம், நம் தாத்தா பாட்டி காலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் சூட்டினால் இல்லை, அந்த மருந்தின் குணம் அது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். அப்போது சாப்பிட்டது இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது வந்து கத்தாது. அதை விட்டுவிடுங்கள். ஆனால் உடம்பு வலிக்கு, காய்ச்சலுக்கு என்று கடையில் கலந்து கட்டித் தருகிற மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? அதில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆஸ்பிரின் வகை வலிமாத்திரைகள் அளவு மீறினால் காது இரையும், அந்தக் கடைப் பொட்டலத்தை நிறுத்துங்கள்.

மருந்து என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காசநோய் வார்டில் இருந்தேன், அங்கே ஒரு சின்னப் பெண், தினமும் ஊசி. ‘அக்கா, காதுக்குள் மணி அடிக்கிறது’ என்றாள். உடம்பில் சத்தில்லை, சாப்பிட்டால் சரியாகும் என்று நான் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வகை ஊசிகளில் சில காதின் செல்களையே கொன்றுவிடும், இரைச்சல்தான் முதல் எச்சரிக்கை. அவளுக்கு நுரையீரல் குணமாயிற்று, காது திரும்பவில்லை. இப்போது காசநோய்க்கு அநேகமாக ஊசியில்லாமல் மாத்திரையிலேயே வைத்தியம் நடக்கிறது. இருந்தாலும் எந்த மருந்து எடுக்கும்போதும் காது இரைய ஆரம்பித்தால் நீங்களாக மருந்தை நிறுத்தாமல், அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். காது ஜவ்வில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கிச் சீழ் பிடிக்கும், சூடாக இருந்தால் வெந்துவிடும். தீக்குச்சி, கோழி இறகு, பஞ்சுக் குச்சி எதுவும் கூடாது, குறும்பியை அது இன்னும் உள்ளேதான் தள்ளும். குறும்பி அடைத்தாலே காது இரையும் தம்பி. டாக்டர் லைட் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டால் சத்தம் நின்றுபோய்ச் சிரித்துக்கொண்டே போனவர்களும் உண்டு. உங்களுக்கும் அதுவாகவே இருந்துவிட்டால் நல்லது, அதனால் முதல் வேலை அதைப் பார்ப்பது. அதே நாளில் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும். வெற்றிலை மெல்லும் பழக்கம் உண்டா? பல்லை இறுக்கிக் கடித்துப் பாருங்கள், சத்தம் கூடினாலோ மாறினாலோ தாடை மூட்டுக்கும் இதில் பங்கிருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூளையில் கட்டி பயத்துக்கு வருகிறேன். காது நரம்பில் வருகிற ஒரு வகைக் கட்டியால் இரைச்சல் வரும்தான், ஆனால் அது அபூர்வம், அநேகமாக ஒரே பக்கக் காதில்தான் வரும், அந்தக் காது மெல்லக் கேளாமல் போகும். உங்களுக்கு இரண்டு காதிலும் ஒரே மாதிரி. இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தால், நாடித்துடிப்போடு சேர்ந்து ‘டப் டப்’ என்று அடித்தால், தலை சுற்றி உலகமே சுழன்றால், முகம் ஒரு பக்கம் கோணினால், காதில் சீழோ ரத்தமோ வந்தால் தள்ளிப்போடக் கூடாது. எல்லாவற்றையும்விட அவசரம், ஒரு காது திடீரென்று ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாளுக்குள் கேளாமல் போவது. சளி அடைப்பு என்று நினைத்து ஒரு மாதம் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு, அதற்குப் பிறகு கதவு மூடிக்கொண்டே போகும்.

சரி, இப்போது ராத்திரி. பகலில் மில் சத்தம் அதை மூடிவிடுகிறது, ராத்திரி அமைதியில் அது மட்டும் மிஞ்சுகிறது. நோய் கூடிவிட்டது என்று நீங்கள் நினைத்துக் கூர்ந்து கேட்கிறீர்கள், கேட்கக் கேட்க அது பெரிதாகிறது. 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காது நன்றாகக் கேட்கிற 80 பேரை ஒவ்வொருவராகச் சத்தமே புகாத அறையில் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாக எழுதினார்கள். ஆரோக்கியமான காதே அப்படி என்றால், 24 வருடம் எஞ்சின் பக்கத்தில் இருந்த காது சும்மா இருக்குமா?

அதனால் அமைதியைத் தேடிப் போகாதீர்கள். மருந்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், மழைக்காலத்தில் தூக்கம் வருகிறது என்று. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் மூளைக்கு வேறு வேலை கொடுக்கிறது, அவ்வளவுதான். மழை இல்லாத மாதங்களில் அதற்குப் பதிலாக ஒரு மின்விசிறி, கரண்ட் போனால் பேட்டரி ரேடியோ, அல்லது மகனின் போனில் மழைச் சத்தமோ ஆற்றுச் சத்தமோ ராத்திரி முழுக்க மெல்ல ஓடட்டும். சில்வண்டை அமுக்குகிற அளவுக்குச் சத்தம் வைக்காதீர்கள். அதைவிடக் கொஞ்சம் தணிந்தே இருந்தால், அது ஆபத்தில்லாத சத்தம் என்று மூளை நாளடைவில் பழகிக்கொள்ளும். வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். இதை அடியோடு நிறுத்துகிற மாத்திரை இதுவரை உலகத்தில் எங்கும் கிடையாது, ஊசியும் கிடையாது, ஜிங்கோ என்கிற மூலிகை, துத்தநாகம் என்று விற்பதற்கெல்லாம் பணம் கொடுக்காதீர்கள். காது டெஸ்டில் மந்தம் இருப்பது தெரிந்தால் காது கேட்கும் கருவி போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். வெளிச் சத்தம் சரியாக உள்ளே வரும்போது பலருக்கு இரைச்சல் பின்னால் போய்விடுகிறது, வீட்டில் சண்டையும் குறையும். பயத்தையும் தூக்கமின்மையையும் பேசிப் பழக்கிச் சரிசெய்கிற மனநல வைத்தியமும் இருக்கிறது, சத்தத்தின் தொல்லையைக் குறைப்பதில் அதிக ஆதாரம் உள்ளது அதற்குத்தான். மோல்மீனில் காது டெஸ்ட் எடுக்க முடியாவிட்டால் ரங்கூனுக்கு ஒரு தடவை போய்வாருங்கள்.

அப்புறம் உங்கள் மகன். பதில் எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்கு அவன் நினைப்புதான். உங்கள் காதில் போனது போனதுதான், அவனுக்கு இன்னும் போகவில்லை. சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளப்பார்கள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் வரைதான் வரம்பு என்கிறார்கள், அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் தாங்குகிற நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரே மணி நேரம். மீட்டர் வேண்டியதில்லை, ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது. உங்கள் எஞ்சின் ரூமில் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பஞ்சு வைத்தால் போதாது. ரப்பர் நுரையில் செய்த காது அடைப்பான் விலை அதிகமில்லை, விரலில் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துக்கொண்டு உள்ளே விட்டு, அது உப்புகிற வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். முழுக் காதையும் மூடுகிற மஃப் கிடைத்தால் அதையும் போடலாம். தண்ணீர்த் திருவிழாவில் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் ஆடுகிற வயது, அங்கேயும் அதைப் போடச் சொல்லுங்கள். நீங்களும் நாளையிலிருந்து போடுங்கள், மிச்சமிருக்கிற செல்கள் இருக்கின்றன அல்லவா. டெஸ்டுக்குப் போகும்போது அவனையும் கூட்டிப்போய் இப்போதே ஒரு அளவு எடுத்து, இரண்டு பேர் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.