நேர்ஸ் அக்காவின் பின்னால்

அன்புள்ள அண்ணனுக்கு,

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன், வயது 38. இரண்டு வருசமாகக் கடற்கரையில் தனியாகத்தான் ஓடுகிறேன். 5 கிலோமீற்றருக்கு 27 நிமிடம், அதற்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. போன மாதம் ஒரு குழுவில் சேர்ந்தேன். செவ்வாய் பின்னேரம் கிரவுண்டில் 400 மீற்றர் எட்டுத் தடவை. எல்லாம் என்னிடம் படிக்கிற வயதுப் பொடியன்கள். முதல் மூன்று சுற்றும் அவர்களோடு நிற்பேன், பிறகு கடைசி ஆள் நான்தான். முதலில் எனக்குப் பின்னால் ஓடுகிற ஒரு நேர்ஸ் அக்காகூட ஐந்தாவதில் என்னை முந்திப் போய்விடுகிறார். கெண்டைக்கால் வலி வேறு. பேசாமல் கடற்கரைக்கே திரும்பிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

திரும்ப வேண்டாம். அந்த முதல் மூன்று சுற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

27 நிமிடம் என்றால் 400க்கு ஏறக்குறைய 2 நிமிடம் 10 விநாடி. 25 நிமிடத்தில் முடிக்க ஆசையென்றால் பன்னிரண்டரைச் சுற்று, சுற்றுக்குச் சரியாக 2 நிமிடம். அதற்குப் பயிற்சியில் 1.55 (1 நிமிடம் 55 விநாடி), மிஞ்சிப்போனால் 1.50 போதும், இடையில் 200 மீற்றர் மெல்லோட்டம். பொடியன்கள் 1.35க்குள் ஓடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களோடு மூன்று சுற்று ஓடிவிட்டு மிச்சம் ஐந்தையும் காலை இழுத்து இழுத்து முடித்தால், அது வேகப் பயிற்சியும் இல்லை, தாக்குப்பிடிக்கிற பயிற்சியும் இல்லை. ரோசம், அவ்வளவுதான்.

எனக்கும் இருந்தது. மட்டக்களப்பில் முதன்முதல் குழுவோடு ஓடிய அன்று முன்வரிசையில் நின்று, முதல் சுற்றைப் பறந்து முடித்து, நாலாவதோடு வேலிக்குப் பக்கத்தில் குந்தி வாந்தி எடுத்தேன். விசிலும் ஸ்டொப்வாட்ச்சுமாக நின்ற பெரியவர் தண்ணிப் போத்தலை நீட்டிவிட்டு, "தம்பி, முதல் சுற்று உனக்கு லேசா இருந்தா சரி, எட்டாவதும் அதே நேரத்தில வரணும்" என்றார். அதற்குப் பிறகு 200 மீற்றர்க் கோட்டில் நின்றுகொண்டு, நான் முந்தி வந்தால் கையைத் தாழ்த்திக் காட்டுவார். ஒரு மாதம் முழுக்க நான் பார்த்தது அந்தக் கையைத்தான். தனியாக ஓடும்போது நம்மைப் பிடித்து வைக்க ஆளில்லை, குழு முதலில் அதற்குத்தான். தள்ளிவிடுவது பிறகு, கடைசி இரண்டு சுற்றில்.

1954 மே 6, ஒக்ஸ்போர்டில் ரொஜர் பனிஸ்டர் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடினாரே, அன்று நண்பர்கள் இருவர் முறைவைத்து அவருக்கு முன்னால் ஓடினார்கள். முதல் சுற்றிலேயே பனிஸ்டர் "இன்னும் வேகமா" என்று கத்த, முன்னால் போன கிறிஸ் பிராஷர் அதைச் சட்டை செய்யாமல் தன் வேகத்திலேயே போனார். முடிவு 3 நிமிடம் 59.4 விநாடி. பிராஷர் அந்தக் கத்தலுக்கு இசைந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

இன்னொன்று காற்று. கச்சான் காலத்தில் (தின்கிற கச்சான் இல்லை, தென்மேற்கிலிருந்து வீசுகிற சூட்டுக் காற்று) கிரவுண்டின் ஒரு பக்கம் முகத்தில் அடுப்பு வைத்த மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் ஒருவருக்குப் பின்னால் ஒரு எட்டு விட்டு ஓடிப் பாருங்கள், மூச்சிலேயே வித்தியாசம் தெரியும். அதனால்தான் சுற்றுக்கு ஒருவராக முன்னால் போவது. உங்கள் முறை வரும்போது நழுவாதீர்கள், அதேநேரம் வீரமும் காட்டாதீர்கள். உள்கோட்டோடு ஒட்டி ஓடுங்கள். இரண்டாம் பாதையில் ஒரு சுற்றுப் போனால் ஏழு மீற்றர் கூடிவிடும். நம் பக்கத்துப் பள்ளிக் கிரவுண்டுகள் எல்லாமே 400 இல்லை, 200ம் 300ம் உண்டு. எத்தனை என்று கேட்டுவிட்டுக் கணக்கை மாற்றுங்கள்.

கெண்டைக்கால் வலிக்கு இரண்டு கிழமை எட்டை ஐந்தாகக் குறையுங்கள். மற்ற நாட்களில் கடற்கரை இருக்கட்டும், ஆனால் இளமணலில் இல்லை, அலை நனைத்த ஓரத்தில், பக்கத்தில் ஒருவரோடு கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். அதற்குப் பிறகும் வலி போகாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் அந்த நேர்ஸ் அக்கா. பின்னால் தொடங்கி ஐந்தாவதில் உங்களை முந்துகிறார் என்றால், அந்தக் கிரவுண்டில் நிதானத்தோடு ஓடுகிற ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். வரும் செவ்வாய், சுற்றுக்கு எத்தனை விநாடி ஓடுகிறார் என்று அவரிடம் கேளுங்கள். 1.55க்குக் கிட்ட என்றால் அவருக்குப் பின்னாலேயே போய் நில்லுங்கள். பொடியன்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.