புது ரைஃபிள், கையால லோடு பண்ண தோட்டா, சிதறுற குரூப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், புதுசா ஒரு .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கியிருக்கேன். ஃபேக்டரியிலேந்து வந்தது வந்தபடி இருக்கு, பிளாஸ்டிக் ஸ்டாக் (பேரலை தாங்கற கட்டை), முன்னாடி பைபாட் (ரெண்டு கால் தாங்கி) மட்டும் மாட்டினேன். 168 கிரெயின் (புல்லட் எடையோட அளவு) மேட்ச் புல்லட் (போட்டிக்குன்னு செஞ்சது) வாங்கி நானே லோடு பண்றேன், கேஸ் (தோட்டாவோட பித்தளை உறை) பழசு, நாலஞ்சு கம்பெனி கலந்தது. 100 கெஜத்துல பவுடரை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி மூணு மூணா சுட்டு பார்த்ததுல ஒரு லோடுக்கு குரூப், அதாவது ஓட்டைகள் பரவியிருக்கற அகலம், முக்கால் இன்ச் வந்துச்சு, சரி இதுதான்னு அதையே 20 பண்ணி ஒரே பேப்பர்ல சுட்டா 3 இன்ச். முதல் ரெண்டு மூணு பக்கத்து பக்கத்துல விழுது, அப்புறம் மேல வலது பக்கமா நகர்ந்துகிட்டே போகுது. 1 எம்ஓஏ (100 கெஜத்துல சுமார் ஒரு இன்ச்) கேரண்டின்னு பெட்டியில போட்டிருக்கான். பேரல் கோளாறா? திருப்பி அனுப்பிடவா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீங்க. அனுப்பினா அவங்க முதல்ல கேக்கப்போறதே எந்த தோட்டா போட்டு சுட்டீங்கன்னுதான், இந்த மாதிரி கேரண்டி பெரும்பாலும் ஃபேக்டரி தோட்டாவுக்குத்தான், கையால லோடு பண்ணதுன்னு சொன்னா பேச்சு அங்கேயே முடிஞ்சிடும். அதனால அதே 168 கிரெயின்ல நல்ல ஃபேக்டரி மேட்ச் தோட்டா ஒரு பெட்டி வாங்கிடுங்க. விலை கடிக்கும்தான், ஆனா நீங்க ஏற்கனவே எரிச்ச பவுடருக்கும் புல்லட்டுக்கும் முன்னாடி அது பெருசில்ல. அதுவும் சிதறினா துப்பாக்கி, ஸ்கோப், சுடறவர் இந்த மூணுல ஒண்ணு. அது ஒழுங்கா விழுந்து உங்களோடது மட்டும் சிதறினா லோடிங் டேபிளுக்கு திரும்பலாம். இந்த ஒரு விஷயம் தெரியாம பவுடரை ஏத்தி இறக்கிகிட்டே இருந்தா எதை சரி பண்றோம்னே தெரியாது.

அப்புறம் அந்த முக்கால் இன்ச். அதை மறந்துடுங்க சார். 20 குண்டு 3 இன்ச்ல விழுற ஒரு துப்பாக்கி, மூணு மூணா சுட்டா சராசரியா 1.6 இன்ச் பக்கம் காட்டும், கணக்கே அப்படித்தான், அதுல ஒரு தடவை முக்கால் வர்றதும் இன்னொரு தடவை ரெண்டரை வர்றதும் சாதாரணம். மூணு குண்டுக்கு சராசரி 1 இன்ச் காட்டற அதே துப்பாக்கி, அதே லோடு, அஞ்சு சுட்டா 1.27 இன்ச்சும் பத்து சுட்டா 1.58 இன்ச்சும் வரணும், எதுவும் கெட்டுப்போகாமலே. ஆக நீங்க லோடை கண்டுபிடிக்கல, அன்னிக்கு அதிர்ஷ்டம் அடிச்ச மூணு ஓட்டையை பார்த்திருக்கீங்க. ஒரு லோடை முடிவு பண்ண குறைஞ்சது அஞ்சு அஞ்சா நாலு குரூப்பாவது சுட்டு சராசரி எடுங்க, "அது நான்தான் இழுத்துட்டேன்"னு ஒரு குண்டை கணக்குலேந்து தள்ற பழக்கம் இருந்தா அதையும் விடணும்.

உங்க கடுதாசில எனக்கு பிடிச்ச வரி, மேல வலது பக்கமா நகருதுங்கறதுதான். சும்மா சிதறுறது வேற, ஒரே திசையில நடந்து போறது வேற. சூடாக சூடாக குண்டு ஒரே பக்கம் போச்சுன்னா பேரலை எதோ தொடுதுன்னு முதல் சந்தேகம். பிளாஸ்டிக் ஸ்டாக்ல முன்பக்கம் உள்ள வெறும் கூடுதான், பைபாட்ல வெயிட்டை போட்டு சாஞ்சதும் அது வளைஞ்சு பேரல்ல இடிக்கும். கீழயும் இடது பக்கமும் இடிச்சா பேரலை மேல வலது பக்கமா தள்ளும், நீங்க சொல்றதும் அதே திசைதான். சேம்பர் (பேரல்ல தோட்டா உட்கார்ற இடம்), மேகசின் ரெண்டும் காலியான்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, ஒரு தாளை மடிச்சு பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவுல விட்டு முனையிலேந்து ஆக்‌ஷன் (போல்ட் ஓடற நடு பாகம்) வரைக்கும் இழுத்து பாருங்க. இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க, துப்பாக்கியை சும்மா மடியில வச்சு பார்த்தா தாள் அழகா ஓடும். சுடும்போது எப்படி பைபாட்ல அழுத்தி சாய்வீங்களோ அப்படியே சாஞ்சுக்கிட்டு, வேற ஒருத்தரை தாளை இழுக்க சொல்லுங்க. பிடிச்சுக்கிச்சுன்னா விஷயம் முடிஞ்சுது. உள்பக்கம் உப்புத்தாள் போட்டு தேய்ச்சு இடம் விடலாம், இல்லேன்னா கெட்டியான ஸ்டாக்குக்கு மாறலாம். பைபாட்டை கழட்டிட்டு முன்னாடி மணல் மூட்டையில, மேகசினுக்கு கிட்டத்துல வச்சு ஒரு அஞ்சு சுட்டாலே பாதி விடை கிடைச்சிடும்.

அதே உட்கார்ற நேரத்துல ஆக்‌ஷன் ஸ்க்ரூவையும் பாருங்க. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்கறோம்னு காட்டற ரெஞ்ச்) வேணும், கை அளவு போதாது, மேனுவல்ல எவ்வளவு போட்டிருக்கோ அவ்வளவு, நிறைய கம்பெனி 40லேந்து 65 இன்ச்-பவுண்டுக்குள்ள சொல்லும். ஸ்டாக் ஆக்‌ஷனோட ஒழுங்கா பொருந்தியிருக்கான்னு பார்க்க ஒரு வழி இருக்கு: ஸ்டாக் முனையும் பேரலும் சேர்ற இடத்துல ஒரு விரலை ரெண்டையும் தொடற மாதிரி வச்சுக்கிட்டு முன் ஸ்க்ரூவை மெதுவா தளர்த்துங்க. விரலுக்கு அடியில பேரல் எழும்புற மாதிரி தெரிஞ்சா ஆக்‌ஷன் ஸ்டாக்ல முறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கு, பெடிங் பண்ணணும், அதாவது ரெண்டும் முறுக்கிக்காம ஒழுங்கா பொருந்தி உட்கார்ற மாதிரி செய்யணும்.

ஸ்கோப் மவுண்டை கழட்டி திரும்ப போடுங்க. பேஸ் (துப்பாக்கி மேல உட்கார்ற தட்டு) ஸ்க்ரூ நீளம் அதிகமா இருந்தா ஓட்டையோட அடியில போய் முட்டும், இறுகின மாதிரியே கைக்கு தெரியும், ஆனா பேஸ் ஆடிகிட்டு இருக்கும். ரிங் (ஸ்கோப்பை பிடிக்கற வளையம்) ஸ்க்ரூவை 15-20 இன்ச்-பவுண்டுக்கு மேல முறுக்காதீங்க, ஸ்கோப் ட்யூப் நசுங்கும். குண்டு ரெண்டு கூட்டமா பிரிஞ்சு விழுந்தா என் சந்தேகம் முதல்ல ஸ்கோப் மேலதான். பேரலாக்ஸ் நாப் இருந்தா தலையை லேசா ஆட்டினாலும் கிராஸ்ஹேர் குறியில நகராத வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணுங்க. காத்தையும் கண்டுக்கணும், மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காத்து 100 கெஜத்துலயே இந்த குண்டை முக்கால் இன்ச் பக்கம் தள்ளிடும்.

இதெல்லாம் முடிச்சு ஃபேக்டரி தோட்டா ஒழுங்கா விழுந்து உங்களோடது மட்டும் சிதறினா, குற்றவாளி நம்பர் ஒண்ணு அந்த கலப்பட கேஸ். ஒவ்வொரு கம்பெனி கேஸும் உள்ள கொள்ளளவு வேற, ஒரே அளவு பவுடர் போட்டாலும் பிரஷர் மாறும், வேகம் மாறும், பேப்பர்ல மேல கீழ நீளும். அழகை விட இது பாதுகாப்பு விஷயம், ராணுவ 7.62 கேஸ் பலது சுவர் தடிமனா இருக்கும், சாதா கேஸுக்கு போட்டிருக்கற மேக்ஸிமம் அளவை அதுல போட்டா பிரஷர் எகிறும். ஒரே கம்பெனி, ஒரே லாட் கேஸ் 50 வாங்கி, லோடு புக்ல இருக்கற ஸ்டார்ட்டிங் அளவுலேந்து மறுபடி ஆரம்பிங்க. பழசை ஓரமா வைங்க.

அடுத்தது நேராக இருக்கான்னு பாருங்க. லோடு பண்ண தோட்டாவை ஒரு வழவழப்பான டேபிள்ல உருட்டினாலே முனை ஆடுறது சில சமயம் கண்ணுக்கு தெரியும், ரன்அவுட் கேஜ் (இந்த ஆட்டத்தை அளக்கற கருவி) இருந்தா இன்னும் நல்லது. ஆடிச்சுன்னா சைஸிங் டைக்குள்ள (சுட்ட கேஸை பழைய அளவுக்கு கொண்டுவர்ற அச்சு) இருக்கற எக்ஸ்பாண்டர் பந்து, கேஸ் கழுத்து உள்ள எண்ணெய் பசை இல்லாம காஞ்சு இருந்தா கழுத்தை வெளிய வரும்போது ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு வரும். கழுத்து உள்ள கொஞ்சம் லூப் (வழுக்கறதுக்கான பசை) தடவுங்க, அப்புறம் துடைச்சிடுங்க. நீளத்தை புல்லட் நுனியிலேந்து அளக்காதீங்க, மேட்ச் புல்லட்டோட நுனி ஒண்ணுக்கொண்ணு வித்தியாசப்படும், கம்பாரேட்டர் (புல்லட் வளைவுல பிடிச்சு அளக்கற கருவி) போட்டு வளைவுலேந்து அளங்க. ரைஃப்ளிங்ல (பேரல் உள்ள இருக்கற சுருள் வரி) முட்டற அளவுக்கு நீட்டி உட்கார வைக்கறதை புதுசா பண்றவங்க செய்ய வேணாம், பிரஷர் கூடும், அதுவுமில்லாம இந்த வழக்கமான 168 மேட்ச் புல்லட் சீட்டிங் (எவ்வளவு ஆழத்துல உட்கார வைக்கறோம்ங்கற) விஷயத்துல ரொம்ப அலட்டிக்காத ரகம், தோட்டாவோட மொத்த நீளம் 2.800 இன்ச்னு வச்சாலே பெரும்பாலான துப்பாக்கியில ஓடும்.

இவ்வளவுக்கும் அப்புறமும் நல்ல ஃபேக்டரி தோட்டாவே ஒன்றரை இன்ச்சுக்கு மேல சராசரி காட்டினா, அந்த பேப்பரையெல்லாம் தேதி போட்டு வச்சு கம்பெனிக்கு அனுப்புங்க, அப்ப உங்க பேச்சுக்கு எடை இருக்கும்.

கேள்வி: என்னோடது .223. 75 கிரெயின் நீள புல்லட் போட்டா பேப்பர்ல ஓட்டை வட்டமா இல்லாம சாவித்துவாரம் மாதிரி விழுது. 55 கிரெயின் பரவாயில்ல. பவுடர் பத்தலையா?

பதில்: பவுடரை தொடாதீங்க. புல்லட் பக்கவாட்டுல புரண்டு போய் விழுது, பேரல் அதை போதுமான வேகத்துல சுத்தி விடல. பேரல்ல 1:12ன்னு இருக்கும் பாருங்க, 12 இன்ச்சுக்கு ஒரு சுத்து. எழுதலேன்னா கிளீனிங் ராடுல இறுக்கமா துணி சுத்தி உள்ள விட்டு, ராடுல ஒரு கோடு போட்டு, அந்த கோடு ஒரு முழு சுத்து வர எத்தனை இன்ச் போகுதுன்னு அளந்துக்கோங்க, ஹேண்டில் தானா சுத்தற ராடா இருக்கணும். 75 கிரெயினுக்கு 1:8 வேணும், 1:9ல சிலருக்கு ஓடும் சிலருக்கு ஓடாது, 1:12க்கு வாய்ப்பே இல்ல. இதுல கணக்கு எடையை விட நீளம்தான், அதனால செம்பு மட்டும் வச்சு செஞ்ச புல்லட் எடை குறைவா இருந்தாலும் ஈய புல்லட்டை விட நீளம், அதையும் பார்த்து வாங்குங்க.

பெரிய கம்பெனிகளே இதுல அடி வாங்கியிருக்கு. 1955ல .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் ஒரே வருஷம் வந்துச்சு, ரெண்டும் 6 மில்லிமீட்டர் புல்லட்தான். வின்செஸ்டர் 1:10 வச்சான், 100 கிரெயின் ஓடுச்சு, மான் வேட்டைக்காரங்க வாங்கினாங்க. ரெமிங்டன் 1:12 வச்சு சின்ன பிராணிகளுக்கான லேசான புல்லட்டை நம்பினான், விக்கல. அப்புறம் 1:9க்கு மாத்தி, 1963ல 6எம்எம் ரெமிங்டன்னு பேரையே மாத்தி விட்டும் .243ஐ பிடிக்க முடியல. உங்க துப்பாக்கிக்கு 50-55 கிரெயின் போடுங்க, அதுல நல்லாவே சுடும்.

கேள்வி: புது பேரலை ஒரு குண்டு சுட்டு கிளீன் பண்ணு, ஒரு குண்டு சுட்டு கிளீன் பண்ணுன்னு பழக்கணுமாமே, உண்மையா?

பதில்: இதுல பேரல் செய்றவங்களே ரெண்டு கட்சி. ஃபேக்டரி பேரலுக்கு அவ்வளவு சடங்கு தேவையில்லைங்கறது என் கட்சி. ஆனா புது பேரல் உள்ள கொஞ்சம் சொரசொரப்பா இருந்தா புல்லட் மேல் உறையோட செம்பு சீக்கிரம் படியும், படிஞ்சா குரூப் விரியும், அதனால ஆரம்பத்துல 20 குண்டுக்கு ஒரு தடவை செம்பு சால்வெண்ட் (செம்பை கரைக்கற திரவம்) போட்டு பாருங்க. துணி நீலமா வந்தா செம்பு இருக்கு, வெள்ளையா வர்ற வரைக்கும் பண்ணணும். பித்தளை ஜாக் (ராடுல துணியை மாட்டற முனை), வெண்கல பிரஷ் போட்டீங்கன்னா சால்வெண்ட் அதையே கரைச்சு நீலத்தை காட்டும், பேரல் சுத்தமானப்புறமும் மணிக்கணக்கா தேய்ச்சுகிட்டு இருப்பீங்க. நைலான் போதும். கிளீன் பண்ணதும் முதல் ஒண்ணு ரெண்டு குண்டு தள்ளி விழலாம், அதை குரூப்ல சேர்க்காம தனி பேப்பர்ல சுட்டுடுங்க.