பழைய காட்டன் புடவையில், துவைத்தாலும் பிரியாத போர்வை வீட்டிலேயே தைக்க முடியுமா?

தாராளமாக முடியும். வங்காளத்தில் 'காந்தா' என்று இதைத்தான் தலைமுறைகளாகத் தைக்கிறார்கள். நைந்த புடவைகளை அடுக்கி, கையால் ஓட்டுத்தையல் போடுவார்கள். புடவைக் கரையிலிருந்து உருவிய நூலே தையல் நூல்.

ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாக்கில் பாதியாக மடித்தால் இரண்டே முக்கால் மீட்டர் வரும், ஒற்றைக் கட்டிலுக்கு ஏராளம். இப்படி 2 புடவை போட்டால் 4 அடுக்கு. நடுவில் பஞ்சு வைக்காதீர்கள்; துவைக்கத் துவைக்க அது ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். பாலியஸ்டர் கலந்த புடவையும் வேண்டாம், பருத்தியோடு சேர்ந்து சுருங்காது.

முக்கியமான விஷயம்: தைக்கத் தொடங்க வேண்டியது நடுவிலிருந்து. நான் முதலில் ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன், நடுப்பகுதி பூரி மாதிரி உப்பிவிட்டது, முழுவதையும் பிரித்தேன். தரையில் விரித்து, சுருக்கம் நீவி, பெரிய பெரிய தையலாக முதலில் ஓடவிட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு விரல் இடைவெளியில் வரிவரியாகத் தையுங்கள். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும்.

முதலில் கிழிவது ஓரம்தான். வெட்டியெடுத்த சேலைக் கரையை அங்கே மடித்துப் பட்டியாக அடித்துவிடுங்கள். அதற்கு மட்டும் தையல் மெஷின் நல்லது.